எட்டு வயது மகளுக்கு கார் ஒத்துக்கொள்ளவில்லை, கேமரன் மலைக்கு எப்படி அழைத்துப் போவது?

கேட்டவர் சிங்கப்பூரில் இருக்கும் ஓர் அம்மா. வீட்டில் சொந்த கார் இல்லை. எம்ஆர்டி ரயிலில் மகளுக்கு ஒன்றும் ஆவதில்லை, ஆனால் டாக்சியில் ஏறிப் பத்து நிமிடத்தில் முகம் வெளுத்துக் கொட்டாவி விட ஆரம்பித்து, கடைசியில் வாந்தி. டிசம்பர் பள்ளி விடுமுறையில் அவருடைய அண்ணன் தன் ஏழு பேர் வண்டியில் குடும்பத்தோடு மலேசியாவில் இருக்கும் கேமரன் மலைக்கு அழைத்துப் போகிறார். மாத்திரை கொடுக்கலாமா, கொடுத்தால் தூங்கித் தூங்கி விழுவாளா, மாமியார் சொல்வதுபோல வெறும் வயிற்றோடு ஏற்றி எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்துவிடலாமா, "வயிறு பலவீனமான பிள்ளையோ" என்று வேறு கவலை.

நான் 20 வருடத்துக்கு மேல் மருந்தாளராக வேலை பார்க்கிறேன். பள்ளி விடுமுறைக்கு முந்தைய வாரம் எங்கள் கடைக்கு இந்தக் கேள்வியோடு தினமும் சிலர் வருவார்கள். கவுன்டரில் நின்றுகொண்டு இரண்டு நிமிடத்தில் சொல்ல முடிவதெல்லாம் மாத்திரையைப் பற்றி மட்டும்தான். ஆனால் மாத்திரை இதில் பாதிதான், அதனால் இங்கே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். சிறு வயதில் எனக்கும் வண்டி ஒத்துக்கொள்ளாது. என் அண்ணன் டாக்சி ஓட்டுகிறார். இரண்டு பக்கமும் பார்த்தாயிற்று.

முதலில் நேரான பதில். தாராளமாகப் போகலாம். மாத்திரை கொடுக்கலாம், ஆனால் எப்போது கொடுக்கிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வெறும் வயிறு வேண்டாம். எலுமிச்சம்பழத்தால் கெடுதல் இல்லை. எல்லாவற்றுக்கும் முன்னால், வண்டி ஓட்டப்போகும் உங்கள் அண்ணனிடம் இந்த வாரமே உட்கார்ந்து பேசுங்கள். என் அனுபவத்தில் ஒரு மாத்திரை செய்வதைவிட ஓட்டுபவரின் வலது கால் செய்வது அதிகம்.

வயிறு பலவீனமோ என்று கேட்டீர்களே, அதை முதலில் மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். வாந்தி வருவது வயிற்றிலிருந்து, ஆனால் கோளாறு தொடங்கும் இடம் காது. காதுக்கு உள்ளே, செவிப்பறைக்கும் அந்தப் பக்கம், சமநிலை பார்ப்பதற்கென்றே ஒரு சின்ன உறுப்பு இருக்கிறது. அதில் மூன்று அரைவட்டக் குழாய்கள், அவற்றுக்குள் திரவம். தலை திரும்பும்போது அந்தத் திரவம் ஒரு கணம் பின்தங்கும், அதை வைத்து எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்று மூளை தெரிந்துகொள்ளும். பக்கத்திலேயே பொடிப் பொடியான சுண்ணாம்புத் துகள்கள் பதிந்த இரண்டு பைகள் இருக்கின்றன, வண்டி வேகமெடுப்பதையும் பிரேக் போடுவதையும் மூளைக்குச் சொல்வது அவைதான். காரின் பின்சீட்டில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்க்கும் பிள்ளைக்கு என்ன நடக்கிறது? கண் பார்ப்பது அசையாத திரையை, அதனால் கண் சொல்கிறது: நாம் சும்மா உட்கார்ந்திருக்கிறோம். காது சொல்கிறது: இல்லை, இப்போது இடது பக்கம் போனோம், இப்போது நின்றோம், மறுபடி கிளம்பினோம். இரண்டு சாட்சிகளும் ஒன்றுக்கொன்று முரணாகச் சொல்லச் சொல்ல மூளை குழம்புகிறது, அந்தக் குழப்பம்தான் வியர்வையாக, கொட்டாவியாக, வாயில் ஊறும் எச்சிலாக, கடைசியில் குமட்டலாக வெளியே வருகிறது.

காதுதான் காரணம் என்பதற்கு எனக்குப் பிடித்த ஒரு சம்பவம் உண்டு. 1950களின் கடைசியில், மனிதனை விண்வெளிக்கு அனுப்பத் தயாராகிக்கொண்டிருந்த காலத்தில், அமெரிக்கக் கடற்படையும் நாசாவும் கேலடெட் கல்லூரியைச் சேர்ந்த காது கேளாத 11 ஆண்களைப் பல வருடம் சோதித்தார்கள். அவர்களில் 10 பேருக்குச் சிறு வயதில் வந்த மூளைக்காய்ச்சலால் உள்காதின் சமநிலை உறுப்பே பழுதாகியிருந்தது. கொந்தளிக்கும் கடலில் ஒரு கப்பலில் அவர்களை ஏற்றிக் கொண்டுபோனபோது சோதிக்கப் போன ஆராய்ச்சியாளர்கள் வாந்தி எடுத்துப் படுத்துவிட்டார்கள், அந்த 11 பேரும் நிம்மதியாகச் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சோதனையையே பாதியில் நிறுத்த வேண்டி வந்தது. வயிறு எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் இருந்தது. அப்படிப் பார்த்தால் உங்கள் மகளின் காது தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது என்றுதான் அர்த்தம்.

வயதையும் சொல்ல வேண்டும். 2 வயதுக்குக் கீழே இது அநேகமாக வராது. அதற்குப் பிறகு மெல்லத் தொடங்கி 9, 10 வயதில் உச்சத்துக்குப் போய், பதின்ம வயதில் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தானாகக் குறைகிறது. உங்கள் மகளுக்கு 8 வயது. அவள் இப்போது ஏறுமுகத்தில் இருக்கிறாள், இன்னும் இரண்டு வருடம் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கலாம், அதற்கப்புறம் இறங்குமுகம். குடும்பத்தில் யாருக்காவது ஒற்றைத் தலைவலி இருந்தால் இந்தத் தொல்லை கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். பெண்களுக்கு ஆண்களைவிட அதிகம், மாதவிலக்கு நாட்களிலும் கர்ப்ப காலத்திலும் இன்னும் அதிகம்.

எம்ஆர்டியில் ஏன் வரவில்லை என்றால், ரயில் மெதுவாக வேகமெடுத்து மெதுவாக நிற்கிறது, பாதையில் சட்டென்று ஒடிக்கும் வளைவு இல்லை. குமட்டலைக் கிளப்புவது குலுக்கல் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் கல்லும் மேடுமான சாலையில் கடகடவென்று வரும் அதிர்வு அவ்வளவு தொந்தரவு செய்யாது. ஏறத்தாழ 5 விநாடிக்கு ஒருமுறை வந்து வந்து போகும் மெதுவான ஆட்டம் இருக்கிறதே, அதுதான் மிக மோசம். கப்பல் அலையில் ஆடுவது அந்த மாதிரி ஆட்டம். எக்ஸலரேட்டரை அமுக்கி, விட்டு, மறுபடி அமுக்கி, விட்டு ஓட்டும் சில ஓட்டுநர்களின் கார் ஆடுவதும் அதே ஆட்டம்தான். தீவு விரைவுச்சாலையில் நெரிசலே இல்லாத நேரத்தில்கூட அப்படி ஓட்டுபவர்களின் வண்டியில் நீங்களும் ஏறியிருப்பீர்கள்.

அதைத்தான் என் அண்ணன் ஒருநாள் எனக்குக் கண்ணெதிரே காட்டினார். பாதி குடித்த ஒரு தண்ணீர்ப் போத்தலைக் கியருக்குப் பக்கத்தில் இருந்த குழியில் வைத்துவிட்டு, "சாலையைப் பார்க்காதே, தண்ணியைப் பார்" என்றார். அங் மோ கியோவிலிருந்து தேக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தோம். முதலில் வேண்டுமென்றே எல்லோரையும் போல ஓட்டினார். சிவப்பு விளக்கு தெரியும் வரை வேகமாகப் போய், கிட்டே வந்ததும் பிரேக். போத்தலுக்குள் தண்ணீர் முன்பக்கம் ஏறிச் சரிந்து நின்றது, கார் நின்ற அந்தக் கணத்தில் மளுக்கென்று பின்னால் விழுந்து இரண்டு மூன்று முறை அலைந்தது. என் தலையும் அதேபோல முன்னால் போய்ப் பின்னால் வந்ததை அப்போதுதான் கவனித்தேன். அடுத்த விளக்குக்குத் தன் வழக்கப்படி ஓட்டினார். தூரத்திலேயே எக்ஸலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, சீக்கிரமாகவே மெல்லப் பிரேக்கைத் தொட்டு, கார் நிற்பதற்குச் சரியாகக் கடைசி ஒரு மீட்டரில் பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்தினார். தண்ணீர் லேசாகச் சரிந்தது, அப்படியே சமமாகி நின்றது. கார் எப்போது நின்றது என்றே தெரியவில்லை. பயணிகளில் யாராவது வாந்தி வருவதுபோல் இருக்கிறது என்று சொன்னால் அவர் வேறொன்றும் செய்வதில்லை, அந்தப் போத்தலை எடுத்து முன்னால் வைத்துக்கொள்வார்.

உங்கள் அண்ணனுக்கும் இதையே சொல்லுங்கள், குறையாகச் சொல்லாமல் போத்தலோடு சொல்லுங்கள். மலைப்பாதையில் வளைவுக்குள் நுழைந்தபிறகு பிரேக் போடுவதுதான் பலர் செய்யும் தவறு, அப்போது உடம்பு ஒரே நேரத்தில் முன்னாலும் பக்கவாட்டிலும் தள்ளப்படுகிறது. வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் ஒரே வேகத்தில் போய், நேரானபிறகு வேகம் எடுக்க வேண்டும். முன்னால் போகும் லாரியை ஒட்டிப் போகக்கூடாது, ஒட்டிப் போனால் அவர் பிரேக் போடும்போதெல்லாம் நாமும் போட வேண்டிவரும்.

அவருடைய வண்டி மின்சார வண்டி என்றால் இன்னொன்றும் இருக்கிறது. 2030 முதல் சிங்கப்பூரில் புதிதாகப் பதிவாகும் கார்களும் டாக்சிகளும் தூய எரிசக்தியில் ஓட வேண்டும், 2040க்குள் எல்லா வண்டிகளும் அப்படி மாற வேண்டும் என்பது திட்டம். அதனால் இது இனி எல்லோருக்கும் வரப்போகிற விஷயம். மின்சார வண்டியில் எக்ஸலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மோட்டார் திரும்பி மின்சாரம் தயாரிக்கத் தொடங்கி வண்டியைப் பிடித்து இழுக்கும். எஞ்சின் சத்தமும் இல்லாததால், வேகம் கூடுகிறதா குறைகிறதா என்று காதால் முன்கூட்டித் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. என் அண்ணன் மின்சார டாக்சிக்கு மாறிய முதல் மாதம், வழக்கமாக நன்றாகவே வரும் ஒரு வயதான அம்மா நடுவழியில் நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டார். அந்த இழுவையின் அளவைக் குறைக்கப் பெரும்பாலான மின்சார வண்டிகளில் அமைப்பு இருக்கிறது. பயணிகள் இருக்கும்போது மிகக் குறைந்த அளவில் வைத்து ஓட்டுங்கள்.

உட்காரும் இடம். வண்டி ஓட்டுபவருக்கு ஏன் வாந்தி வருவதில்லை? அடுத்த நொடி வண்டி எந்தப் பக்கம் போகப்போகிறது என்பது அவருக்கு முன்னாலேயே தெரியும், உடம்பு தயாராகிவிடும். வளைவு வரும்போது ஓட்டுபவரின் தலை வளைவின் உள்பக்கமாகச் சாய்வதையும் பயணிகளின் தலை வெளிப்பக்கம் தள்ளப்படுவதையும் ஒருநாள் கவனித்துப் பாருங்கள். பயணியும் வேண்டுமென்றே உள்பக்கம் தலையைச் சாய்த்தால் குமட்டல் குறைகிறது என்று சோதித்தே பார்த்திருக்கிறார்கள். உங்கள் மகளுக்கு இதை விளையாட்டாகச் சொல்லிக்கொடுக்கலாம், "மாமா எந்தப் பக்கம் திருப்பப்போகிறார், சொல்லு பார்க்கலாம்" என்று. சாலையைப் பார்த்துக்கொண்டே இருப்பதற்கும் அது ஒரு காரணமாகும்.

ஏழு பேர் வண்டியில் பிள்ளைகளை மூன்றாவது வரிசைக்குத் தள்ளிவிடுவது நம் குடும்பங்களில் வழக்கம். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். பின்சக்கரத்துக்கு மேலே ஆட்டம் அதிகம், ஜன்னல் சின்னது, முன்னால் பார்த்தால் சீட்டின் முதுகுதான் தெரியும். இரண்டாவது வரிசையில் முன்கண்ணாடி வழியாகச் சாலை தெரியும் இடத்தில் உட்கார வையுங்கள். நடுச்சீட்டில் தோள்வழியாக வரும் முழு வார் இருந்தால் அதுவே நல்ல இடம். அவள் 1.35 மீட்டருக்குக் குறைவான உயரம் என்றால் இங்கே சட்டப்படியே பூஸ்டர் இருக்கை வேண்டும். டாக்சிக்கு மட்டும் விலக்கு இருக்கிறது, தனியார் வாடகை காருக்கு விலக்கு இல்லை. பூஸ்டரால் இன்னொரு நன்மை, பிள்ளையின் கண் ஜன்னலுக்கு மேலே ஏறும். இந்த வயதில் பாதிப் பிரச்சினையே வெளியே எதுவும் தெரியாத உயரத்தில் உட்கார்ந்திருப்பதுதான். முன்சீட்டில் வைக்கலாமே என்று தோன்றும், ஆனால் காற்றுப்பையை நினைத்தால் இந்த வயதுக்குப் பின்சீட்டுதான் சரி. தலையைச் சாய்மானத்தில் நன்றாக ஒட்டி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், கழுத்தில் மாட்டும் பயணத் தலையணை இதற்கு உதவும்.

கைப்பேசி, ஐபேட், கதைப்புத்தகம் மூன்றும் மலை ஏறும்போது பையில். சமதளமான நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரம் கொடுக்கலாம் என்றாலும் நான் கொடுக்க மாட்டேன். ஐபோனில் 2024இல் வந்த ஐஓஎஸ் 18 முதல், வண்டி அசையும்போது திரையின் ஓரத்தில் புள்ளிகளும் கூடவே நகரும் ஓர் அமைப்பு இருக்கிறது, கண்ணுக்கும் காதுக்கும் ஒரே செய்தி போகட்டும் என்று. பெரியவர்கள் சிலருக்கு அது உதவுகிறது. பிள்ளைக்கு அதைவிடப் பாட்டுப் போடுங்கள், சேர்ந்து பாடுங்கள். பிடித்த பாட்டைக் கேட்பதும், மெதுவாக எண்ணி எண்ணி மூச்சு விடுவதும் குமட்டலைத் தள்ளிப்போடுகின்றன. எதுவும் பலிக்கவில்லை என்றால் கண்ணை மூடிக்கொள்ளட்டும், இரண்டு சாட்சிகளில் ஒன்றாவது வாயை மூடும்.

சாப்பாடு விஷயத்தில் உங்கள் மாமியாரோடு சண்டை வேண்டாம், அவர் சொல்வதில் பாதி சரிதான். வயிறு முட்டச் சாப்பிட்டால், அதுவும் எண்ணெயும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த நாசி லெமாக், பரோட்டா என்று சாப்பிட்டால், கஷ்டம்தான். ஆனால் வெறும் வயிறும் குமட்டும், வாந்தி வந்தால் வெளியே வர ஒன்றுமில்லாமல் பித்தம் வரும், பிள்ளை துவண்டுபோகும். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி, அல்லது ரொட்டித் துண்டு, கிரீம் கிராக்கர் பிஸ்கட் போதும். வழியில் தண்ணீரை வாய் வாயாகக் குடிக்கட்டும்.

இப்போது மாத்திரை. இங்கே கடைகளில் அதிகம் விற்பது டைமென்ஹைட்ரினேட், நொவோமின் என்ற பெயரில் பலருக்கும் தெரியும். இந்த மருந்துக்கு ஒரு கதை இருக்கிறது. 1947இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் தோல் தடிப்புக்காக ஒரு பெண்ணுக்கு இதைக் கொடுத்தார்கள். வாழ்நாளெல்லாம் டிராம் வண்டியில் ஏறினாலே வாந்தி எடுத்துக்கொண்டிருந்தவர், இதைச் சாப்பிட்டதும் தொல்லையில்லாமல் பயணம் செய்தார். ஒவ்வாமைக்குத் தயாரித்தது பயணத்துக்குப் பயன்பட்டது இப்படித்தான். அதனால் ஒவ்வாமை மாத்திரை எல்லாமே உதவும் என்று நினைத்துவிடாதீர்கள். தூக்கம் வராத புதுவகை மாத்திரைகள், செட்டிரிசின், லோராடடின் போன்றவை, இதற்கு வேலை செய்யாது. மூளைக்குள் போய்த் தூக்கம் வரவைக்கும் பழைய வகைதான் குமட்டலையும் தடுக்கிறது. அதனால் தூக்கம் வரத்தான் செய்யும். பயணத்தில் பிள்ளை தூங்குவதில் என்ன நஷ்டம்?

6 முதல் 12 வயதுக்கு வழக்கமான அளவு ஒரு வேளைக்கு 25 முதல் 50 மில்லிகிராம், அடுத்த வேளைக்குக் குறைந்தது 6 மணி நேரம் இடைவெளி, 24 மணி நேரத்தில் 150 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. 2 வயதுக்குக் கீழே கொடுக்கக்கூடாது. 8 வயதுப் பிள்ளைக்கு நான் எப்போதும் 25இல், அதாவது 50 மில்லிகிராம் மாத்திரையில் பாதியில், தொடங்கத்தான் சொல்வேன். ஆனால் உங்கள் மகளின் எடை, வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறாளா, ஆஸ்துமா, வலிப்பு உண்டா என்பதைக் கடையில் மருந்தாளரிடம் சொல்லிக் கேட்டே வாங்குங்கள். சளி இருமல் சிரப்பு பலவற்றில் இதே வகை மருந்து இருக்கும், இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். சில பிள்ளைகளுக்கு இது தூக்கத்துக்குப் பதிலாகப் படபடப்பையும் துள்ளலையும் கொடுக்கும். அதைத் தெரிந்துகொள்ள, பயணத்துக்கு ஒரு வாரம் முன்னால் வீட்டில் இருக்கும் ஒரு சனிக்கிழமை மாலையில் ஒருமுறை கொடுத்துப் பார்த்துவிடுங்கள். சின்னரிசின் என்ற மருந்தும் நல்லதுதான், அதை 2 மணி நேரம் முன்னால் கொடுக்க வேண்டும். ஊரிலிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்த மாத்திரை என்றால் பெட்டியோடு எடுத்துவந்து காட்டுங்கள், பெயர் ஒன்றுபோல இருந்தாலும் மருந்து வேறாக இருக்கும். பெரியவர்கள் சாப்பிடுவதானால், கண்ணில் நீர் அழுத்தமோ புராஸ்டேட் வீக்கமோ உள்ளவர்கள் கேட்காமல் சாப்பிடக்கூடாது. ஓட்டுபவர் தொடவே கூடாது.

நேரம்தான் முக்கியம் என்றேனே, அது இதுதான். குமட்டல் தொடங்கியபிறகு மாத்திரையை விழுங்கினால் அநேகமாகப் பயனில்லை. அந்த நேரத்தில் வயிறு எதையும் கீழே இறக்காது, மாத்திரையும் வாந்தியோடு வெளியே வந்துவிடும். அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால் உள்ளே போயிருக்க வேண்டும். பலர் விடியற்காலை 4 மணிக்கு வீட்டில் கொடுத்துவிட்டு, அது நாள் முழுக்கத் தாங்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இதன் பலன் 4 முதல் 6 மணி நேரம். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைத் தாண்டி, நெடுஞ்சாலையில் ஒன்றுமே ஆகாத நேரத்தை அது நன்றாகக் காப்பாற்றிவிட்டு, தாப்பாவில் மலை ஏறத் தொடங்கும்போது தீர்ந்துபோயிருக்கும். தாப்பாவிலிருந்து கேமரன் மலையில் இருக்கும் தானா ராத்தா ஊர் வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர், முழுக்க வளைவு. மாத்திரை தேவைப்படுவது அங்கேதான்.

அதனால் நான் என்றால் இப்படிச் செய்வேன். மலேசியாவுக்குப் போகும் கடற்பாலத்தில் அங்குலம் அங்குலமாக நகர்வதே இந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய சோதனை. அதைத் தவிர்க்கக் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து, முடிந்தால் துவாஸ் பாலம் வழியாக, கடந்துவிடுவேன். அப்போது அவள் தூக்கக் கலக்கத்தில் இருப்பாள், மாத்திரை இல்லாமலே சமாளிக்கலாம். நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஓய்வுத்தலத்தில் இறங்கிப் பத்து நிமிடம் நடக்கவிடுவேன். தாப்பா வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் லேசாகச் சாப்பிட வைத்து மாத்திரையைக் கொடுப்பேன். சிங்கப்பூரிலேயே கொடுத்துத்தான் தீர வேண்டும் என்றால், மணியைக் குறித்துவைத்துக்கொண்டு 6 மணி நேரம் கழிந்த பிறகு அடுத்தது. மலையில் லாத்தா இஸ்கந்தர் அருவி சாலையோரத்திலேயே இருக்கிறது, அங்கே கட்டாயம் நிறுத்துங்கள், அவளுக்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் நிறுத்துங்கள். ஈரக்காற்று முகத்தில் பட்டு, அசையாத தரையில் கால் மணி நேரம் நின்றால் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். இன்னொரு வழியும் உண்டு, ஈப்போவுக்குத் தெற்கே சிம்பாங் பூலாயில் திரும்பி ஏறும் சாலை. சுற்றுவழிதான், ஆனால் அகலமானது, வளைவுகள் இவ்வளவு நெருக்கமில்லை. ஒரு மணி நேரம் கூடுதலானாலும் நான் அதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

எலுமிச்சம்பழம், இஞ்சி, தைலம். இஞ்சியைப் பற்றிய ஆய்வுகள் ஒருமனதாக இல்லை, சிலவற்றில் பலன், சிலவற்றில் இல்லை. இஞ்சி மரப்பா ஒரு துண்டு வாயில் போட்டுக்கொள்வதில் கெடுதல் எதுவும் இல்லாததால் நான் தடுப்பதில்லை. மணிக்கட்டு மடிப்பிலிருந்து முழங்கைப் பக்கமாக மூன்று விரல் தள்ளி அழுத்தும் கைப்பட்டையும் அப்படியே. புளிப்புப் பிளம்மும் நாரத்தங்காயும் வாயில் ஊறும் எச்சிலைச் சமாளிக்க உதவும். ஆனால் வாசனையில் மட்டும் கவனமாக இருங்கள், அதில் எனக்கே ஒரு பாடம் உண்டு. 1980 வாக்கில், நெடுஞ்சாலை வருவதற்கு முன்னால், தைப்பூசத்துக்குப் பத்துமலை போக அப்பாவின் நண்பர் வேனில் யோங் பெங், ஆயர் ஹித்தாம் என்று ஊர் ஊராகப் போவோம். நான் வேனின் பின்பக்கம் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பேன். முகம் மாறினாலே சித்தி என் நெற்றியிலும் மூக்கடியிலும் கோடாலித் தைலத்தைத் தேய்த்துவிடுவார். அந்தத் தைலம் 1928 முதல் சிங்கப்பூரிலேயே தயாராவது, நம் வீடுகளில் தலைவலிக்கும் அதுதான், பூச்சிக்கடிக்கும் அதுதான். சித்தி அன்போடுதான் தேய்த்தார். ஆனால் தேய்த்தபிறகும் வாந்தி வந்தது, ஒவ்வொரு முறையும் வந்தது. இரண்டு மூன்று வருடத்தில் அந்த வாசனையும் வாந்தியும் என் மூளைக்குள் ஒன்றாக முடிச்சுப் போட்டுக்கொண்டன. இன்றைக்கும் கடையில் யாராவது அந்த மூடியைத் திறந்தால் எனக்கு நாக்கடியில் எச்சில் ஊறுகிறது.

அதனால், எலுமிச்சம்பழத்தை அவள் நன்றாக இருக்கும்போதே கையில் கொடுங்கள், முகர்ந்து பார்க்கப் பிடிக்கிறதா என்று பாருங்கள். வாந்தி வரும் நேரத்தில் மட்டும் மூக்கில் கொண்டுபோய் வைக்காதீர்கள், அடுத்தமுறை எலுமிச்சை வாசமே வாந்தியைக் கூப்பிடும். டாக்சிகளில் பின்கண்ணாடிக்குக் கீழே கட்டுக்கட்டாகப் பாண்டான் இலை வைத்திருப்பார்கள், சிலருக்கு அது சுகம், சிலருக்கு ஏறியவுடனே தலை சுற்றும். உங்கள் மகளுக்கு எந்த வாசனை பகை என்று அவளையே கேளுங்கள், அவளுக்குத் தெரியும். உங்கள் அண்ணன் வண்டியில் வாசனைக்கட்டி தொங்கினால் பயணத்துக்கு இரண்டு நாள் முன்பே கழற்றச் சொல்லுங்கள். குளிர்சாதனக் காற்று முகத்தில் படும்படி திருப்பிவிடுங்கள், மலையில் ஜன்னலையே இறக்கிவிடலாம்.

டிசம்பர் வரை நேரம் இருந்தால் பழக்கியும் பார்க்கலாம். நீண்ட நாள் தீர்வு என்று பார்த்தால் மாத்திரையைவிட இதுதான் சிறந்தது. அவள் காரில் ஏறுவதே மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை என்பதால் மூளைக்குப் பழகிக்கொள்ள வாய்ப்பே இல்லை. மாமாவை வாரம் இருமுறை அவளைச் சும்மா ஒரு சுற்று அழைத்துப் போகச் சொல்லுங்கள். முதலில் ஐந்து நிமிடம், குமட்டல் தொடங்கும் முன்பே இறங்கிவிட வேண்டும், நன்றாக இருந்தது என்ற நினைப்போடு. அடுத்த வாரம் பத்து நிமிடம். வாந்தி எடுக்கும் வரை ஓட்டிப் பழக்கினால் பழகாது, பயம்தான் கூடும்.

காரில் இல்லாதபோதும் வாந்தி வருகிறது, காலையில் எழுந்தவுடன் தலைவலியோடு வாந்தி, நடையில் தள்ளாட்டம், காதில் இரைச்சல் அல்லது கேட்கும் திறன் குறைவு, இவற்றில் ஏதாவது இருந்தால் இது வெறும் பயணக் குமட்டலாக இல்லாமல் இருக்கலாம். தள்ளிப்போடாமல் பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துப் போங்கள்.

எல்லாம் செய்தும் ஒருமுறை வாந்தி வரலாம். வந்தால் வண்டியைப் பாதுகாப்பாக நிறுத்தி, இறக்கி, வாயைக் கொப்பளிக்க வைத்து, முகத்தைத் துடைத்து, பத்து நிமிடம் நிற்கவிடுங்கள். யாரும் அவளைத் திட்டக்கூடாது, மூக்கைப் பிடித்துக்கொண்டு கேலி செய்யவும் கூடாது. இதை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் மற்ற பிள்ளைகளிடமும் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் வாந்தி வந்துவிடுமோ என்ற பதற்றமே வாந்தியைக் கொண்டுவரும். 2023 ஜூலை முதல் பேரங்காடிகளில் பைக்குக் காசு வாங்குவதால் வீடுகளில் பழைய பைகள் குறைந்துவிட்டன, அதனால் ஓட்டையில்லாத பைகளாகப் பார்த்து ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு நாலைந்து தயார் செய்யுங்கள். மூடியிருக்கும் ஒரு பிளாஸ்டிக் டப்பா இன்னும் நல்லது, பிள்ளை தானே மடியில் வைத்துப் பிடித்துக்கொள்ள முடியும்.

திரும்பி வரும் நாளை மறந்துவிடாதீர்கள். இறங்கும்போது பிரேக் அதிகம் போட வேண்டியிருப்பதால் சில பிள்ளைகளுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் மோசம். அன்று காலை விடுதியிலிருந்து கிளம்ப ஒரு மணி நேரம் முன்னால் அடுத்த அரை மாத்திரை. கீழ் கியரில், பிரேக்கை மிதித்துக்கொண்டே இல்லாமல் இறங்கச் சொல்லுங்கள். அப்புறம், மாற்று டீசட்டை, ஈரத்துணி, தண்ணீர் மூன்றையும் வண்டியின் பின்பெட்டிக்குள் மூட்டைகளுக்கு அடியில் வைத்துவிடாமல் உங்கள் காலடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.